ஜோடி ஊசி

வெயில் ஏறுவதற்குள் எல்லைச் சாவடியில் வரிசை நீண்டுவிடும். உடம்பு வெயிலுக்கா குளிருக்கா என்று காட்டும் தோல்மானியில் ஒவ்வொருவராகக் கையை வைப்பார்கள். பச்சை எரிந்தால் இடப்பக்கக் கதவு, தண்ணகர். சிவப்பு எரிந்தால் வலப்பக்கம், வெயிலூர். இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான். ஒன்றின் மேல் கண்ணாடிக்கூரை கவிந்திருக்கும். உள்ளே எப்போதும் மார்கழி. மற்றதன் மேல் வானம் மட்டும்.

அந்தக் கூரைக்கு இந்த வருஷம் கண்ணாடி மாற்றியவர்களில் பழமலையும் அவன் மனைவி கொளஞ்சியும் உண்டு. வேலை முடிந்துவிட்டது. கூரையில் உழைத்த குடும்பம் இரண்டில் எந்த நகரத்திலும் குடியேறலாம் என்பது சட்டம். அவர்கள் யோசிக்கவே இல்லை, தண்ணகர்தான். மகள் இசையமுதுக்குச் சிறுநீரகம் சுருங்கிக்கொண்டு வந்தது. வெயிலில் வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான். குளிரில் வைத்தால் பிழைக்கும், இல்லையென்றால் அடுத்த கோடை தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

குழந்தையின் கைக்குப் பச்சை எரிந்தது. பழமலைக்குச் சிவப்பு. கொளஞ்சிக்கும் சிவப்பு.

"மிசினு ரிப்பேரா மேடம்?" என்றான் பழமலை.

பதிவு அலுவலர் வத்சலா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேருமா வெப்ப ஊசி போட்டீங்க?"

"ஊசி இல்லாம கூரை மேல எப்படி நிக்கறது? வறுத்துடும்ல."

"ஊசி போட்ட உடம்பு பழையபடி திரும்பாதுங்க. குளிரை ஒரு தடவை தாங்கும். ரெண்டாவது தடவை வந்தா இதயம் நின்னுடும். அதனாலதான் குடும்பத்துக்கு ஒரு ஊசி போதும்னு வச்சிருக்கோம். இன்னொருத்தர் கீழே நிழல்ல வேலை பார்க்கலாமே. ஊசி போட்ட முகாம்ல சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றாள் கொளஞ்சி. "செங்கச் சூளையில, கரும்பு வெட்டுல, எங்க போனாலும் எங்கள ஜோடியாத்தான் எடுப்பாங்க. ஒத்த ஆளுன்னா போய்யான்னுடுவாங்க. இவரு கைய நீட்டுனாரு, நானும் நீட்டுனேன். ஒருத்தருக்குப் போதும்னு அந்த நர்சு சொன்னப்ப, எனக்கு வேல குடுக்காம கழிச்சு வுடறாங்கன்னு நெனச்சேன். சண்ட போட்டு வாங்குனேன் மேடம்."

"வாங்குனடி. அந்த நர்சு முடியப் புடிக்காததுதான் கொற."

"நீ பக்கத்துல நின்னு பல்லக் காட்டல?"

காட்டினான். என் பொண்டாட்டி எவனுக்கும் சளைத்தவள் இல்லை என்று அன்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டான்.

"பாப்பாவுக்கும் அந்த ஊசியப் போட்டுடலாமா?" என்று வத்சலாவிடம் கேட்டான்.

"இந்தச் சிறுநீரகம் அதைத் தாங்காதுங்க. உள்ளே பிள்ளைகள் விடுதி இருக்கு, சேர்க்கலாம். இல்லைன்னா உங்களோட வெயிலூருக்குக் கூட்டிட்டுப் போகலாம். உங்க விருப்பம்."

விருப்பம் என்ற சொல்லைக் கேட்டு வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

பழமலை மனைவியைத் தனியே இழுத்தான். "நம்மகிட்டயே இருக்கட்டும்டி. இருக்கற வரைக்கும்."

"இருக்கற வரைக்குமா? வாயக் கழுவு," என்றாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வத்சலாவிடம் போனாள். "அந்த ஒரு தடவைய இப்பவே எடுத்துக்கறேன். பாப்பாவ நானே உள்ள வுட்டுட்டு வரேன்."

விடுதி வாசலை அடைவதற்குள் கொளஞ்சிக்குப் பல் கிட்டத் தொடங்கியது. இடுப்பிலிருந்து இறங்கிய இசையமுது ஓடினாள். நான்கு எட்டு வைத்தாலே இளைக்கிற பிள்ளை, அந்தக் கூடம் முழுக்க ஓடிவிட்டுத் திரும்பினாள். மூச்சு வாங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தாள். அது உதறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா ஆடற? குளுருதா?"

"ஆமாண்டி கண்ணு."

"எனக்கு நல்லா இருக்கு." குழந்தை பெரிய மனுஷிபோல யோசித்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அவளைக் கதவுப் பக்கம் தள்ளினாள். "நீ போயி வெயில்ல நில்லும்மா. நான் இங்கியே வெளையாடறேன். சாயங்காலமா வந்து கூட்டிட்டுப் போ."