தேடும்போது என்ன எழுதினீங்க?

நெவெனாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. ஆனால் அந்த மே மாதம் ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. ஸ்காதர் ஏரி இருக்கிறது, பெலிகன் பறவைகள் இருக்கின்றன, அம்மாவின் படகும் இருக்கிறது. ஆட்கள் மட்டும் ஏன் வருவதில்லை?

ஏரிக்கரை ஊரான விர்பசாரின் படகுத்துறையில் மற்ற படகுகள் ஆட்களோடு கிளம்பிக்கொண்டிருந்தன. அம்மா சென்காவின் படகு கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"நமக்குத்தான் வெப்சைட் இருக்கேம்மா. அதைப் பாத்துட்டு வரமாட்டாங்களா?"

"தேடினா நம்ம பேரு வந்தாத்தானே செல்லம் பாப்பாங்க" என்றாள் அம்மா. "இப்படியே போனா நான் கடற்கரைப் பக்கம் புத்வாவுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்க ஓட்டல்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

போனால் கோடை முடிந்துதான் திரும்புவாள். அதுவரை நெவெனா அத்தை வீட்டில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒருவர் தன் மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு துறைக்கு வந்தார். மகளுக்கு நெவெனாவின் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு படகுக்காரரும் நாற்காலியைப் பார்த்தார், தன் படகின் குறுகிய படியைப் பார்த்தார், முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"எங்க படகுல ஏறலாமே!" என்று கத்தினாள் நெவெனா.

"எப்படிம்மா?" என்றார் அவர்.

"அக்கரைக்கு ஆடுங்களை ஏத்திட்டுப் போவோம். அதுக்காக அம்மா அகலமா ஒரு சாய்வுப் பலகை போட்டிருக்காங்க. ஆடே ஏறுது, இவ ஏற மாட்டாளா?"

சொன்ன பிறகுதான் நெவெனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, நான் ஆட்டு வழியிலயே போறேன்!"

அவள் பெயர் யாஸ்னா. பெல்கிரேடிலிருந்து வந்திருந்தாள். படகு அல்லி இலைகளை விலக்கிக்கொண்டு போனது. நெவெனாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்களை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்கவே இல்ல. ரயில் இங்க ரொம்ப நேரம் நின்னுடுச்சு, சும்மா எறங்கினோம்."

"அதுக்கு முன்னாடி தேடவே இல்லியா?"

"தேடாம இருப்பேனா! 'சக்கர நாற்காலியோட ஏறக்கூடிய படகு'ன்னு எழுதித் தேடினேன். என்னென்னமோ வந்துச்சு. உங்க படகு வரல."

நெவெனா யோசித்துப் பார்த்தாள். அந்த வார்த்தைகள் அவர்களுடைய இணையதளத்தில் எங்குமே இல்லையே!

மாலையில் அவள் அம்மாவின் மடிக்கணினியைத் திறந்தாள். பறவைகளுக்கு ஒரு பக்கம், தீவுக்கு ஒரு பக்கம், நீச்சலுக்கு ஒரு பக்கம், குழந்தைகளுக்கு ஒரு பக்கம். ஆனால் நான்குக்கும் ஒரே தலைப்பு: 'ஸ்காதர் ஏரிப் படகுப் பயணம்'.

தளத்தைச் செய்து கொடுத்தவன் பெரியப்பா மகன் வுக். சென்கா பொரித்த மாவுருண்டைகளைத் தேனில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தான் அவன்.

"எல்லாரும் அதைத்தானே தேடுவாங்க? அதான் எல்லாப் பக்கத்துலயும் அதையே போட்டேன்."

"எல்லாரும்னா யாருண்ணா? யாரையாச்சும் கேட்டீங்களா?"

வுக் இன்னொரு மாவுருண்டையை வாயில் திணித்துக்கொண்டான்.

"பெரிய கம்பெனிங்க எல்லாம் அதையே போட்டிருக்காங்க" என்றாள் நெவெனா. "அவங்களுக்குப் பின்னாடி நம்ம பக்கம் நாலும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்குது."

மறுநாள் அவள் பாலத்தருகே நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டாள்: "தேடும்போது என்ன எழுதினீங்க?"

"பெலிகனை எப்போ பாக்கலாம்" என்றாள் கேமராவோடு வந்த ஒரு பெண். "சின்னக் குழந்தையோட படகுல போகலாமா" என்றார் தோளில் குழந்தையைச் சுமந்த ஒருவர்.

"நான் எதையும் தேட மாட்டேன்" என்றார் இன்னொருவர். "என் மனைவி தேடுவா. நான் பின்னாடியே வருவேன்."

கேட்டதையெல்லாம் வீட்டில் சொன்னபோது வுக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நல்ல யோசனைதான்! ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வின்னு மாத்திடலாம். அப்படியே பறவைப் பக்கத்துல ஃபிளமிங்கோவையும் சேத்துக்கலாம். நெறைய பேர் தேடறாங்க."

"இங்க ஏதுண்ணா ஃபிளமிங்கோ?"

"வந்தப்புறம் சொல்லிக்கலாம், இப்பத்தான் பறந்துபோச்சுன்னு."

"அதைப் பாக்கணும்னே ஒரு குழந்தை அவ்வளவு தூரம் வந்துச்சுன்னா, அது முகத்தைப் பாத்து நீங்க சொல்வீங்களா?"

வுக் காதைச் சொறிந்தான். "நான் ஏன் சொல்லணும்? சித்தி சொல்லட்டும்."

"சித்தி சொல்ல மாட்டா" என்றாள் அம்மா. "ஃபிளமிங்கோ வேண்டாம்."

அன்று மூவரும் உட்கார்ந்து பக்கங்களை மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி, அதற்கு நேரான பதில். புதிதாக ஒரு பக்கமும் பிறந்தது: 'சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய படகு'. அதில் அம்மா பலகையின் அகலத்தை அளந்து எழுதினாள். துறையிலுள்ள கழிப்பறைக்கு ஒரு படி ஏற வேண்டும் என்பதையும் மறைக்காமல் எழுதினாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

பள்ளி விட்டதும் நெவெனா ஓடி வந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. "பொறு" என்பான் வுக். "நாம மாத்தினதைத் தேடுபொறி இன்னும் படிக்கலை." ஓட்டல்காரர் மறுபடி கூப்பிட்டார். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள் அம்மா.

ஜூன் மாதத்தில் ஒரு மதியம் அம்மாவின் தொலைபேசி அடித்தது.

"ஆமாங்க, ஏறலாம்... பலகை இருக்கு... ரெண்டு நாற்காலியா? தாராளமா வரலாம்!"

அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் நெவெனா. "எப்படிக் கண்டுபிடிச்சாங்களாம்? கேளும்மா, கேளு!"

அம்மா கேட்டாள். பிறகு மெல்லத் திரும்பினாள். "நம்ம புதுப் பக்கத்தோட தலைப்பு இருக்கில்ல? அதையே எழுதித் தேடினாங்களாம். நம்ம படகுதான் முதல்ல வந்துச்சாம்."

அதன் பிறகு கேமராப் பெண்களும் கைக்குழந்தைக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். எல்லா நாளும் படகு நிறைந்துவிடவில்லை. ஆனால் சும்மா கிடக்கவும் இல்லை. அம்மா ஓட்டலுக்குத் தொலைபேசி செய்து, "இந்தக் கோடைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொன்னாள். அன்றிரவு நெவெனா ஒரு மாவுருண்டை கூட மிச்சம் வைக்கவில்லை.

ஜூலையில் ஒருநாள் படகின் முன்பக்கத்தில் ஒரு குட்டிப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் நாணல் புதரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, மழை பெஞ்சா பெலிகன் எங்க போய் ஒதுங்கும்?"

நெவெனா அம்மாவைப் பார்த்தாள். சுக்கானைப் பிடித்திருந்த அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியலையே!" என்றாள் நெவெனா, மிகுந்த சந்தோஷத்தோடு. பிறகு நகர்ந்து அவன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு, தானும் நாணல் புதரையே பார்க்கத் தொடங்கினாள்.