விலகாத பாய்

கோழி கூவி, தேவாலய மணியும் அடித்து ஓய்ந்த பிறகும் பாயை விலக்க யாரும் வரவில்லை. அதுதான் மசினாவுக்கு முதலில் உறுத்தியது. சவாயித் தீவில் தப்புப் பண்ணியவர்கள் விடியுமுன் போய், நொந்துபோன வீட்டின் முன்னால் தாழம்பாயைத் தலையோடு போர்த்தி மண்டியிடுவார்கள். வீட்டார் வந்து பாயை விலக்கிவிட்டால் மன்னித்தாயிற்று. விலக்காவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பதினோரு வருஷம் ஆக்லாந்தில் ஒளிந்துகிடந்துவிட்டு நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தாள். சித்தி லூபேயின் ஒரே பிள்ளை எனெலே கடலில் மூழ்கிச் செத்துப்போனான். அவனை அடக்கம் செய்த அன்று இவள் விமானத்தில் இருந்தாள். படகில் கூடப் போன அக்காளே ஓடிவிட்டாள், வெட்கங்கெட்டவள் என்று ஊரே பேசியது. பேசாமல் என்ன செய்யும்? இங்கெல்லாம் செத்தவர்களை வாசலில்தான் புதைப்பது. சித்தி வீட்டின் முன்னால் அவள் மண்டியிட்டிருந்த இடத்துக்கு இரண்டடி பின்னால் எனெலேயின் கல்லறை இருந்தது.

பாய்க்குள் தாழையின் காய்ந்த வாசனையும் அடுப்புப் புகையும் தன் வியர்வையும் கலந்து மூச்சை முட்ட, வெயில் ஏற ஏற முதுகு வேகும் என்று அவள் நினைத்திருக்க, முதுகு மட்டும் நேரமாக ஆக ஆகச் சில்லிட்டுக்கொண்டே வந்தது. யாரோ நடந்தார்கள். வீட்டுப் பக்கமிருந்து இல்லை. ஈரக் காலடி. நின்றுவிட்டது.

அப்புறம் வீட்டுப் பக்கமிருந்து செருப்புச் சத்தம். சித்தி.

"எழுந்திருடி மசினா. மண்ணு போடக்கூட வரலியேன்னு வயிறு எரிஞ்சது நெசந்தான். ஆறிப்போச்சு. உள்ள வந்து கொக்கோ குடி."

அந்தக் கனிவு மசினாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கூசிக் குறுகிப்போனாள். சித்தி பாயைப் பிடித்து இழுத்தாள். பாய் அசைந்தது. வரவில்லை.

"பாயை விடுடி."

"நான் பிடிக்கல சித்தி."

அவளுடைய கை இரண்டும் மடியில் இருந்தன. வலது முழங்காலுக்குப் பக்கத்தில், பாயின் ஓரத்தில், நான்கு விரல்கள். ஊறி வெளுத்தவை. நகங்களில் மணல். பின்னாலிருந்து பாய்க்கடியில் நுழைந்து, உள்பக்கமாக இறுக்கிப் பிடித்திருந்தன.

எதற்கென்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும்.

"அவன் குடிச்சிட்டுக் குதிச்சான்னு சொன்னேன்ல சித்தி, அது பொய். படகு கவுந்துச்சு. கட்டை ரெண்டு பேரைத் தாங்கல. அதைப் பிடிச்சிருந்த அவன் கையை நான்தான் மிதிச்சுத் தள்ளினேன்."

விரல்கள் தளர்ந்தன.

வெளியே சித்தியின் கையும் பாயை விட்டது.

செருப்புச் சத்தம் வீட்டுக்குத் திரும்பிப் போனது. சுவரில்லாத வீட்டைச் சுற்றிச் சுருட்டிக் கட்டியிருந்த ஓலைத் தட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசித் தட்டியும் இறங்கியது. இனி யாரும் வரமாட்டார்கள். போர்த்தியவளே பாயை எடுத்துவிட்டு எழுந்து போகிற வழக்கமும் கிடையாது.

முதுகுக்குப் பின்னால் பாய் மெல்ல உயர்ந்தது. காற்று. உப்பு நாற்றம்.

ஈரம் சொட்ட ஒருவன் உள்ளே நுழைந்தான். அவள் தோளோடு தோள் ஒட்டி மண்டியிட்டான். பாயை இரண்டு தலைக்கும் சேர்த்து இழுத்து மூடினான்.