எட்டுப் பொதி இலவங்கப்பட்டை

காலை 8.10. மாமல்லபுரம் இருகரைச் சந்தையின் கிடங்கில் முதல் பொதியின் தையலைப் பிரித்தார்கள். பக்கத்துப் பூஞ்சேரியில் குடோன் வைத்திருக்கும் மசாலா மொத்த வியாபாரி பக்தவத்சலம் ஒரு பட்டையை எடுத்து ஒடிக்கப் பார்த்தார். ஒடியவில்லை.

“இது சிலோன் பட்டை இல்ல. சீனப் பட்டை,” என்றார்.

அசல் பட்டை காகிதம் காகிதமாகச் சுருண்டிருக்கும்; விரல் பட்டால் நொறுங்கும். இதுவோ மரத்தோல் போலத் தடித்திருந்தது. மற்ற ஏழு பொதிகளையும் பிரித்தார்கள். எல்லாம் அதே சரக்கு.

இலங்கையின் வெலிகமவிலிருந்து சரக்கோடு வந்திருந்த ஷபானா தானும் ஒரு பட்டையை எடுத்து ஒடிக்கப் பார்த்தார். அவர் ஊரில் பட்டை உரிக்கும் பெண்களெல்லாம் சேர்ந்து அனுப்பிய முதல் சரக்கு அது. தரகர் இல்லாமல் இலங்கை விவசாயிகளும் செங்கல்பட்டு விவசாயிகளும் நேருக்கு நேர் விற்றுக்கொள்ளத் தொடங்கிய சந்தைக்கு அன்றுதான் முதல் நாள். கொள்முதல் செய்ய வந்தவர்கள் பதினோரு மணி வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் சரக்கு எங்கே என்று தெரியாவிட்டால் சந்தையும் போகும், அந்தப் பெண்களின் பெயரும் போகும்.

8.45. சப்-இன்ஸ்பெக்டர் பிரிசில்லா வந்து இறங்கினார். கருங்குழிக்காரர். அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தை இப்போது அண்ணன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அந்த அரிசியும் அடுத்த மாதம் அக்கரைக்குப் போவதாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பூட்டுகளைத்தான் முதலில் பார்த்தார்.

கதவில் இரண்டு பூட்டு. இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. கிடங்குக்கு ஜன்னலும் கிடையாது.

“ஒண்ணு எங்க பூட்டு, ஒண்ணு இலங்கைக்காரங்க பூட்டும்மா,” என்றார் சந்தைத் தலைவர் தீனதயாளன். “ரெண்டு சாவியும் சேர்ந்தாதான் தொறக்கும். காலையில ரெண்டு பேருமாத்தான் தொறந்தோம்.”

“சரக்கு எப்ப வந்துச்சு?”

“நேத்து சாயந்திரம் அஞ்சு மணிக்கு. கேட்டாண்ட ஆரத்தி எடுத்தோம், பூசணி ஒடைச்சோம். இவங்கள கடற்கரையாண்ட வரவேற்புக்குக் கூட்டிகினு போய்ட்டோம். ஏழு மணிக்கு வந்துதான் எறக்கி வெச்சுப் பூட்டினோம்.”

“அதுவரைக்கும் கேட்ல யாரு?”

“எல்லாருமே வரவேற்புல கீறோம். டிரைவர் ராஜாராம்தான் வண்டியிலயே இருந்தான். கேட் சாவிய அவன்ட்ட குடுத்துட்டுப் போனோம்.”

பிரிசில்லா ஷபானாவிடம் திரும்பினார். “நீங்க கடைசியா சரக்கப் பார்த்தது?”

“சென்னைத் துறைமுகத்துல. சுங்கக்காரங்க எட்டுப் பொதியையும் பிரிச்சாங்க. நானும் பக்கத்துல நிண்டேன். எங்கட பட்டைதான் இருந்திச்சு. திருப்பித் தைச்சு ஏத்தினதும் டிரைவருக்குப் பக்கத்துல இருந்துதான் வந்தேன். வழியில எங்கயும் நிப்பாட்டல்ல.”

“அங்க காட்டுனது ஒண்ணு, ஏத்துனது ஒண்ணா இருக்கும்,” என்றார் பக்தவத்சலம். “இத்தினி வருசமா இந்தப் பக்கத்துக்கே சிலோன் பட்டை எங்கிட்டருந்துதான் போவுது. ஒரு தடவ ஏமாந்திருப்பனா? நேரா வாங்குறோம்னு குதிச்சீங்க இல்ல, அனுபவிங்க.”

“உங்களக் கேக்கறப்ப சொல்லுங்க,” என்றார் பிரிசில்லா.

அவர் வெளியே வந்தார். வாசலில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாகக் காய்ந்து கிடந்தது. அருகில் கற்பூரக் கரியும் பூசணிச் சில்லுகளும். உள்ளே வேப்பமரத்தடியில் லாரி நின்றது. சக்கரங்களிலிருந்து ஒரு முழம் தள்ளி, நான்கு எலுமிச்சம்பழங்கள் புது மண்ணில் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. விதைகள் காய்ந்திருந்தன. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆரத்தியோட இங்கயும் ஏதாச்சும் பூசை போட்டீங்களா?”

“இல்லியே. கேட்டாண்டதான்,” என்றார் தீனதயாளன்.

“இதுக்கு முன்னாடி வேற வண்டி வந்திருக்கா?”

“மண்ணு கொட்டியே ஒரு வாரம் ஆவல. இதான் மொத வண்டி.”

ராஜாராம் இட்லிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு வந்தான்.

“நேத்து வந்ததுக்கப்புறம் வண்டிய எடுத்தியா?”

“இன்னா மேடம், நிறுத்துனது நிறுத்துனபடியே கீது. கேபின்ல தூங்கிகினு இருந்தேன்.”

10.20. பிரிசில்லா எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்தார்.

“ராஜாராம், இந்த எலுமிச்சம்பழம் யாரு வெச்சது?”

“நாந்தான். இன்னிக்கு ஊருக்குக் கிளம்பணும் இல்ல, அதுக்கு.”

“கிளம்ப வெச்ச பழம் முழுசா இல்ல இருக்கணும்? வண்டி நகராம எப்படி நசுங்குச்சு?”

ராஜாராம் லாரிச் சக்கரத்தைப் பார்த்தான்.

“நான் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வளந்தவ,” என்றார் பிரிசில்லா. “வந்து நிக்கற வண்டிக்கு யாரும் எலுமிச்சம்பழம் வெக்க மாட்டாங்க. பயணம் கிளம்பற வண்டிக்குத்தான் வெப்பாங்க. பூசணி ஒடச்ச அன்னிக்கு எலுமிச்சம்பழம் கெடந்தா யாரு கண்ணுலயும் உறுத்தாது. நேத்து சாயந்திரத்துல இருந்து எல்லாரும் இத மிதிச்சுகினுதான் போயிருப்பீங்க. பூட்டப் பார்த்தீங்க, சாவியப் பார்த்தீங்க. ஆனா சரக்கு பூட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே மாறிடுச்சு. எல்லாரும் வரவேற்புல இருந்தப்ப இந்த வண்டி பொதியோட வெளிய போய், வேற பட்டையோட திரும்பி வந்திருக்கு.”

“திருடப் போறவனுக்கும் பயணம் நல்லா முடியணும் பாரு,” என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். யாரோ சிரித்தார்கள்.

“ஏழு மணிக்குள்ள போய், எட்டுப் பொதியையும் பிரிச்சு, மாத்தி, தைச்சுட்டு வரணும்னா எடம் பக்கத்துலயே இருக்கணும். சீனப் பட்டை தயாரா இருக்கணும். இங்க கீறவங்கள்ல பூஞ்சேரியில மசாலா குடோன் வெச்சிருக்கறது ஒருத்தர்தான். நேரா வாங்கினா தொழில் போறதும் அவருக்குத்தான்.”

பக்தவத்சலம் கைக்குட்டையை எடுத்தார். “ஒரு எலுமிச்சம்பழத்த வெச்சுகினு இன்னா பேச்சு இது?”

ராஜாராம் அவரைப் பார்க்கவில்லை. “மன்னிச்சிக்க அண்ணாத்த,” என்றான் தரையைப் பார்த்து. “பழம் வெக்காம லோடு வண்டிய எடுக்க எனக்குக் கை வராது. மேடம், எட்டும் அங்கதான் கீது. பின்னாடி ரூம்ல.”

10.50. ஜீப்போடு வந்த வேனிலிருந்து எட்டுப் பொதிச் சரக்கும் இறங்கியது. பிரித்ததுமே மணம் மரத்தடி முழுக்கப் பரவியது. ஷபானா ஒரு பட்டையை விரலால் தொட்டார். அது நொறுங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீனதயாளன் பிரிசில்லாவை ஓரமாக அழைத்தார். “அம்மா, சரக்குதான் கெடைச்சிருச்சே. துறைமுகத்துல மாறிப்போச்சுன்னு சொல்லிட்டா இன்னா? நம்ம ஊரு ஆளுன்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம்.”

“அப்படிச் சொன்னா அசிங்கம் சரக்கு அனுப்பினவங்க தலையில விழும்,” என்றார் பிரிசில்லா. “கேசு நான் எழுதுறபடிதான் இருக்கும். மைக்குல பேசப் போறது நீங்க.”

தீனதயாளன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறினார்.

“வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம். சரக்கு அசல். அனுப்பினவங்க ஒரு தப்பும் பண்ணல. திருடினது எங்க ஊரு ஆளு. பத்திரமா எறக்கி வெக்கறேன்னு சொன்னது நான். அவங்க ஊரு பொம்பளைங்ககிட்ட இந்தச் சந்தை சார்பா மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

கிளம்ப வண்டியைத் திருப்பியிருந்தவர்கள் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். ஷபானா மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார்.

“எங்கட ஊர்லயும் கள்ளன் இருக்கான். அடுத்த மாசம் உங்கட அரிசி கொழும்புக்கு வரக்குள்ள, கடைசி மூட்டை இறங்கும் மட்டும் நானே பக்கத்துல நிப்பேன். இப்ப யாருக்குப் பட்டை வேணும், வாங்க.”

முதல் ஆளாக வரிசையில் போய் நின்றார் தீனதயாளன்.