பூட்டுக்கு இரண்டு விளக்கு

மலை மேல் இருக்கும் அந்தத் துணைச் சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரி, இருப்புப் பார்க்கக் காலையில் ஒருமுறை திறக்கும். மூடிவிட்டால், பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் சட்டப்பூட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். மாநிலச் சட்டம் சம்மதித்தால் நீல விளக்கு, ஒன்றியச் சட்டம் சம்மதித்தால் வெள்ளை விளக்கு; இரண்டும் எரிந்தால்தான் திறக்கும். அதனால் மலை நர்சுகள் தாழ்ப்பாள் விழாதபடி இடுக்கில் பஞ்சைத் திணித்து வைப்பார்கள். நேற்று ஆய்வாளர் வந்து கத்திவிட்டுப் போனதில், இன்று நர்ஸ் அமலோற்பவம் ஒழுங்காகப் பூட்டித் தொலைத்திருந்தாள்.

பத்து மணிக்குப் பொன்னுரங்கம் கொட்டும் மழையில் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மிளகுத் தோட்டத்தில் கண்ணாடிவிரியன் கடித்திருந்தது. குப்பம்மாளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. விஷமுறிவு ஊசிக்காக அமலோற்பவம் பூட்டில் பெருவிரலை வைத்தாள். நீலம் எரிந்தது. வெள்ளை எரியவில்லை.

டாக்டர் முகம் திரையில் தெரிந்தால்தான் ஊசி என்பது ஒன்றியச் சட்டம். மழை பெய்தால் மலையில் சிக்னல் செத்துவிடும். அதனால்தான் நர்சே போடலாம் என்று மாநிலம் சட்டம் போட்டது. இரண்டும் மோதினால் ஒன்றியச் சட்டமே செல்லும். மாநிலச் சட்டம் செல்ல டெல்லியின் தனி ஒப்புதல் வேண்டும். ஒன்பது வருஷமாக அது பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலிக்கிறவர்களைப் பாம்பு கடிப்பதில்லை.

"மருந்து உள்ளதானே இருக்குது, நர்சம்மா?"

"இருக்குது."

"அப்புறம் என்னங்க?"

பூட்டுதான் பணிவாகப் பதில் சொன்னது: "சட்டங்கள் முரண்படுகின்றன. தயவுசெய்து காத்திருக்கவும்."

அந்தத் தயவில் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் இரும்புச் சாவியை எடுத்து, ஆத்திரம் தீர மூன்று போடு போட்டாள். கதவு பிளந்தது.

மாலையில் குப்பம்மாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். மழையும் விட்டு, சிக்னல் வந்தது. நான்கே நிமிஷத்தில், தொங்கிக்கொண்டிருந்த பூட்டில் இரண்டு விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. ஒப்புதல்தான் வந்துவிட்டதோ என்று அமலோற்பவம் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

பூட்டு அதே பணிவோடு சொன்னது: "பூட்டு உடைப்பு மாநிலச் சட்டப்படி குற்றம். ஒன்றியச் சட்டப்படியும் குற்றம். முரண்பாடு ஏதுமில்லை. உங்கள் செவிலியர் பதிவு ரத்து செய்யப்பட்டது."

 நாளைக்கு வேறு யாரையாவது பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று பொன்னுரங்கம் கேட்டான்.

அமலோற்பவம் இரும்புச் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"புதுப் பூட்டு வரும். நீங்க உடைங்க. ஊசி நான் போடறேன்."