கற்பூரத்தை அணைத்த ஜீப்

முதல் கற்பூரம் அணைந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாவது அணைந்தபோது மகாதேவி மாமியின் புருவம் மேலே போனது. மூன்றாவதும் அணைந்தவுடன் மாமி தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதிலை என்னவோ இருக்கு," என்றார்.

வாசல் படலையடியில் நின்ற ஜீப்பைத்தான் அப்படிச் சொன்னார். நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாகிவிட்டது. தேங்காயும் உடைத்தாகிவிட்டது. கற்பூரம் மட்டும் நிற்க மாட்டேன் என்றது. இத்தனைக்கும் அன்று காலை ஒரு பூவரசம் இலைகூட அசையவில்லை.

ஆரணியின் அப்பா வாகீசனுக்கு அந்த ஜீப் என்றால் உயிர். வட்டுக்கோட்டையில் அவர்களுடைய தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கை மழை பெய்தால் சேறும் சகதியுமாகிவிடும். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும் அந்தக் கிழட்டு ஜீப் மட்டுந்தான் உள்ளே போய், கத்தரிக்காய்ச் சாக்குகளோடு வெளியே வரும். போன கிழமை அதன் என்ஜினைக் குளிர வைக்கும் விசிறியின் இறகு முறிந்துவிட்டது. புதியது எங்கும் கிடைக்கவில்லை.

கடைசியில் அப்பா சிமியோனின் பழைய இரும்புக் கடையில் ஒரு மின்விசிறி வாங்கினார். பின்பக்கம் நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய விசிறி அது. அதை ரேடியேட்டருக்குப் பின்னால் தானே பூட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சும் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் விசிறி விர்ரென்று சுற்றியது. கற்பூரம் காட்டும்போதும் அதை ஓடவிட்டிருந்தார். தன் கைவேலையைச் சாமியும் பார்க்கட்டும் என்ற எண்ணம்.

சிமியோனின் கடையைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னதே ஆரணிதான். சிமியோனின் மகள் ஜெசிதா வகுப்பில் அவளுடன் ஒரே வாங்கில் இருப்பவள். இடைவேளையில் ஜெசிதாவின் சாப்பாட்டுப் பெட்டியில் பாதி ஆரணிக்கு, ஆரணியின் பெட்டியில் பாதி ஜெசிதாவுக்கு. இது இரண்டு வருடமாக நடக்கிறது.

மாமி தடுத்தும் கேட்காமல் அப்பா ஜீப்பை மருதனார்மடம் சந்தைக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஆரணியும் கூடப் போனாள். பாதி வழிகூடப் போகவில்லை, முன்மூடிக்குள்ளிருந்து புட்டுப்பானைபோல ஆவி கிளம்பியது. தெருவோரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பினார்கள். கத்தரிக்காய் எல்லாம் பக்கத்து வளவுக்காரரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் சந்தைக்குப் போனது.

அதற்குப் பிறகு மாமியைப் பிடிக்க முடியவில்லை. அப்பாவின் அக்கா அவர். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். பால்காரர் ஒருநாள் சிரித்தால் பாலில் தண்ணீர் அதிகம் என்பார். சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி என்பார். இப்போது ஒரு முழு விசிறியே கிடைத்துவிட்டது.

சிமியோன் ஏன் விசிறியைத் துடைத்துப் பளபளவென்று தந்தார்? பழுதை மறைக்கத்தான். ஏன் நான்கு ஆணிகளைச் சும்மா தந்தார்? வாயை அடைக்கத்தான். கடையில் பற்றரியில் போட்டு ஓடவிட்டுக் காட்டினாரே என்று அப்பா சொன்னார். காட்டியது ஒன்று, கட்டித் தந்தது வேறொன்று என்று மாமி உடனே பதில் வைத்திருந்தார். சந்தேகம் அப்பாவுக்கும் தொற்றிவிட்டது.

மாமி ஆரணியைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு மட்டும் சொல்லுறன், உன்ரை அப்பாட்டைச் சொல்லாதை. அவன் சிரிப்பான். அந்த ஃபேன் பாசலை அவிட்டது நான்தானே. ஒரு வயரிலை சிவப்பு நூல் கட்டிக் கிடந்தது. மூண்டு முடிச்சு."

"என்னத்துக்கு மாமி?"

"என்னத்துக்கோ? மந்திரிச்சுக் கட்டினதுதான். அடிபட்ட கார் எல்லே. நான் அப்பவே வெட்டி அடுப்புக்கை போட்டிட்டன். எண்டாலும் குணம் போகேல்லை, பாத்தியே."

ஆரணிக்கு உடனே ஜெசிதாவின் நினைவு வந்தது. அந்த விசிறியைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தந்தது ஜெசிதாதான். அப்பா சொல்லியிருந்தார். அப்படியென்றால் அந்த நூல் ஜெசிதாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டேயா பேசாமல் இருந்தாள்?

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். திங்கட்கிழமை ஜெசிதா "ஜீப் எப்பிடி?" என்று கேட்டாள். அவள் ஏன் அதை முதலில் கேட்கிறாள் என்று ஆரணிக்குத் தோன்றியது. பாதி இடியப்பத்தை நீட்டினாள். இன்றைக்கு ஏன் ஒன்று கூடுதலாக வைக்கிறாள் என்று தோன்றியது.

ஆரணி நூலைப் பற்றி வாய் திறக்கவில்லை. மந்திரத்தைப் பற்றிக் கதைத்தால் அது தன்மேலும் வந்துவிடும் என்று பயம். வேறொன்றைக் கேட்டாள்.

"உங்கடை அப்பா பழுதெண்டு தெரிஞ்சுகொண்டே அந்த ஃபேனைத் தந்தவர்?"

ஜெசிதா அவளையே பார்த்தாள். கண் கலங்கியது. சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"நீயும் இப்பிடிக் கேக்கிறியே," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஜெசிதா கடைசி வாங்கில் போய் இருந்தாள். அவளுடைய இடத்தில் ஆரணியின் புத்தகப்பை மட்டும் இருந்தது. இடைவேளையில் முழுச் சாப்பாட்டையும் தானே சாப்பிட வேண்டியிருந்தது. ஜெசிதா தன்னை ஏமாற்றினாளா, தான்தான் ஜெசிதாவை நோகடித்தாளா என்று தெரியாமல் இருந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

சனிக்கிழமை காலை அப்பா திருகாணி கழற்றும் சாமான்களோடு வந்தார். விசிறியைக் கழற்றிச் சிமியோனிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். கூடவே மாமியும் வருகிறாராம், நாலு வார்த்தை கேட்பதற்கு. மாமியின் நாலு வார்த்தை எத்தனை மணித்தியாலம் போகும் என்பது ஊருக்கே தெரியும். அது நடந்துவிட்டால் ஜெசிதா இனி ஒருநாளும் பழைய வாங்குக்கு வரமாட்டாள்.

"கழட்ட முதல் ஒருக்காக் கொளுத்திக் காட்டுறன், பார்," என்று மாமி தட்டில் கற்பூரத்தை வைத்தார். அப்பா என்ஜினை இயக்கி, விசிறியையும் போட்டார். மாமி தட்டை ஜீப்பின் முன்னால் நீட்டினார். கற்பூரம் அணைந்தது. மாமியின் முகத்தில் வெற்றி தெரிந்தது.

ஆரணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைவதற்கு முன் சுடர் மாமியின் பக்கம் சாய்ந்ததை அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"மாமி, தட்டைத் தாங்கோ," என்று வாங்கிக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் போனாள். அங்கே கொளுத்தினாள். கற்பூரம் நின்று எரிந்தது.

"பேய் பிசாசெண்டால் பின்பக்கமும் ஊதோணுமே," என்றாள்.

ஆரணி திரும்ப முன்னால் வந்தாள். விசிறியை நிற்பாட்டச் சொன்னாள். கற்பூரம் எரிந்தது. போடச் சொன்னாள். அணைந்தது.

"அப்பா, இந்த ஃபேன் காத்தை எந்தப் பக்கம் விடோணும்?"

"விடுறேல்லைப் பிள்ளை, இழுக்கிறது. முன்னாலை இருக்கிற காத்தை ரேடியேட்டருக்குள்ளாலை என்ஜின் பக்கம் இழுக்கோணும்."

ஆரணி தன் பள்ளிக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து ஜீப்பின் முன் வலையில் வைத்தாள். காற்றை இழுத்தால் தாள் அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கையை எடுத்ததும் அது பறந்து போய் மாமியின் கொண்டையில் குந்தியது.

அப்பா தாளைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"எதிர்ப்பக்கமாச் சுத்துது," என்றார் மெதுவாக. "ஓடேக்கை முன்னாலை வாற காத்தை இது வெளியிலை தள்ளுது. பிறகு எப்பிடிக் குளிரும்? ஃபேனிலை பிழை இல்லை. வயர் ரெண்டையும் நான்தான் மாறிக் கொழுவிப்போட்டன்."

"பாக்காமலோ கொழுவினியள்?"

"ரெண்டும் கறுப்பு வயர், பிள்ளை. போட்டன், சுத்திச்சுது, போதுமெண்டு விட்டிட்டன். ஒரு வயரிலையாவது ஏதும் அடையாளம் இருந்திருந்தால் கண்டிருப்பன்."

ஆரணி மெல்லத் திரும்பி மாமியைப் பார்த்தாள். மாமி பனைமரத்தின் உச்சியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்தச் சிவப்பு நூல்."

"என்ன நூல்?" என்றார் அப்பா.

வேறு வழியில்லாமல் மாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று முடிச்சு, கத்தரிக்கோல், அடுப்பு. அப்பா சிரிக்கவில்லை. சிவப்பென்றால் பற்றரியின் நேர்முனைக்குப் போகும் வயர் என்று வேலை தெரிந்த எவருக்கும் விளங்கும் என்று மட்டும் சொன்னார். ஆரணிக்கு வெட்கமாக இருந்தது. அந்த முடிச்சுகளை ஜெசிதாவின் கைதான் போட்டிருக்கும். அப்பா பிழை விடக்கூடாது என்று கட்டியவளைத்தான் அவள் கள்ளியாக நினைத்திருந்தாள்.

அப்பா வயர்களை மாற்றிக் கொழுவினார். இப்போது தாள் வலையில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. மாமி கடைசிக் கற்பூரத்தைக் கொளுத்திச் சற்றுத் தள்ளி நின்று காட்டினார். சுடர் ஜீப்பின் பக்கம் சாய்ந்து, அணையாமல் எரிந்தது.

"சரி, சிமியோன் அண்ணையின்ரை கடைக்குப் போவம்," என்றார் அப்பா. மாமி சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய் என்னவோ எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். வழி முழுவதும் ஆவி கொஞ்சமும் கிளம்பவில்லை.

கடையில் அப்பா சிமியோனிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிதா பழைய கார்க் கதவுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். கிட்ட வரவில்லை. ஆரணிதான் போனாள்.

"நீ கட்டின நூலை எங்கடை வீட்டிலைதான் வெட்டினது. நான் உன்னைச் சந்தேகப்பட்டிட்டன். பிழை என்னிலைதான்."

ஜெசிதா ஒரு கார்க் கதவின் கைப்பிடியை இழுத்து இழுத்து விட்டாள்.

"நல்ல நூல் அது," என்றாள் கடைசியில். "என்ரை பட்டத்துக்கு வைச்சிருந்தது."

"என்னட்டை ஒரு நூல்கட்டை இருக்கு. திங்கட்கிழமை கொண்டுவாறன்."

"எங்கை கொண்டுவருவாய்?"

"வாங்குக்கு."

ஜெசிதா மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். பிறகு இருவரும் ஜீப்படிக்கு ஓடினார்கள். அங்கே மாமி முன்மூடியைத் திறக்கவைத்துக்கொண்டு நின்றார். இடுப்பிலிருந்து ஒரு முழச் சிவப்பு நூலை எடுத்து ஜெசிதாவிடம் நீட்டினார்.

ஜெசிதா சரியான வயரைத் தேடிப் பிடித்து மூன்று முடிச்சுப் போட்டாள். மாமி குனிந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒண்டு போடு பிள்ளை," என்றார். "சந்தேகம் பிடிச்ச சனம் ஆரேனும் வந்து வெட்டிப்போடும்."