பூட்டிய பெட்டியும் பதினொரு மணி நேர்காணலும்

காலை 9.20.

"களவு போயிடுச்சும்மா" என்றது தொலைபேசியில் ஒரு கனத்த குரல்.

"என்ன சார் போச்சு?"

"வைஃபை."

கம்பியக்கா பேனாவை எடுத்தாள். இணைய நிறுவனத்தில் பதினாறு வருடமாகப் பழுதுபார்க்கிறவள். கம்பியே இல்லாத இணைப்பைச் சரிசெய்ய வருகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் கம்பியக்கா. ஊருக்கு எப்போதுமே கண் கொஞ்சம் மங்கல்.

"லைன் கட்டாகியிருக்கும் சார்."

"கட் இல்ல. களவு. நான் பொறுப்போடதான் சொல்றேன். பெட்டி பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. ரவுட்டர்ல விளக்கெல்லாம் எரியுது. ஆனா வீட்டுல ஒரு ஃபோன்லயும் நெட் இல்ல."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பாய்ந்து வந்தது. "பதினோரு மணிக்கு இன்டர்வியூன்னு சொல்லுங்க மாமா! அதை முதல்ல சொல்லுங்க!"

9.45. மாடி வீடு. மணியடிக்கும் முன்பே கதவு திறந்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கூடத்தில் நான்கு பேர் நான்கு திசையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் மாமனார். எடை அளவைத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். துறைக்குத்தான் ஓய்வு கிடைத்தது, இவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் மாமியார். சன்னலோரம் மகன், கையில் கைபேசியைக் குலுக்கிக்கொண்டு. நடுவில் மருமகள். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கோட்டு. கீழே வீட்டில் போடும் பழைய பைஜாமா. திரையில் தெரியப்போவது பாதி உடம்புதானே.

"அக்கா, இன்னும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் இருக்கு" என்றாள் மருமகள். "சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி. வட்டார மேலாளர் வேலை. மூணு சுற்று தாண்டிட்டேன், இது கடைசி. முதல் சுற்றுல எந்த லைன்ல எழுதினோமோ அதே லைன்லதான் கடைசி வரைக்கும் வரணுமாம். பக்கத்து வீட்டுக்கும் போக முடியாது. இன்னிக்கு விட்டா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

"லேப்டாப்புக்கு நேரா கம்பி போட்டுடலாமே."

"இதுல கம்பி சொருக இடமே இல்லக்கா. ரொம்ப ஒல்லி."

"அவர்தான் ஒல்லியா வாங்கச் சொன்னார்" என்று மாமியார் மாமனாரைக் காட்டினாள்.

சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டி. உள்ளே ரவுட்டர், அருங்காட்சியகத்துக் கிரீடம் போல. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள்: 'கம்பியில்லா இணைப்புப் பயன்பாட்டு விதிகள்.' மொத்தம் பதினான்கு. ஒன்பதாவது விதியைக் கம்பியக்கா இரண்டு முறை படித்தாள். 'கடவுச்சொல்லைக் குடும்பத் தலைவர் மட்டுமே சாதனங்களில் உள்ளிடுவார். அவ்வமயம் ஏனையோர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.'

"எங்க கல்யாணத்துல கூட நான் இவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னதில்ல" என்றாள் மாமியார்.

"பாஸ்வேர்டுல இருபத்து மூணு எழுத்து" என்றார் மாமனார், யாரும் கேட்காமலே. "மாசா மாசம் மாத்துவேன். எவனாலயும் உடைக்க முடியாது."

"ஒருத்தர் உடைச்சிருக்காரே சார். பூட்டைத் திறங்க."

9.58. பூட்டு திறந்தது. கம்பியக்கா தன் பழைய, பருத்த லேப்டாப்பை ரவுட்டரோடு கம்பியால் இணைத்தாள். அவள் வழக்கம் ஒன்றுண்டு. முதலில் மனிதர்களை விசாரிக்க மாட்டாள். இந்த நிமிடம் எதெல்லாம் இணைந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

பன்னிரண்டு இணைப்புகள் உயிரோடு இருந்தன. பதினோரு வைஃபை பல்புகள், ஒரு துணி துவைக்கும் இயந்திரம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு யார் மேலும் வன்மம் இருக்க வாய்ப்பில்லை.

"அப்ப வைஃபை சாகல. ஆளுங்க ஃபோனை மட்டும் யாரோ வெளிய தள்ளி வச்சிருக்காங்க."

தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தாள். தடுத்த வரிசையிலேயே ஐந்து பெயர்கள். பெயர் சூட்டியவர் மாமனார்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருமகள் மடிக்கணினி.
இல்லத்தரசி.
மருமகள் கைபேசி.
துணை இயக்குநர்.
மகன்.

"இந்தப் பக்கத்தைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு வேணுமே. அதை மாத்தினீங்களா சார்?"

"அதான் சொன்னேனே, மாசா மாசம்..."

"அது வீட்டுக்குள்ள நுழையற பாஸ்வேர்டு. நான் கேக்கறது பீரோவைத் திறக்கறது."

மாமனாரின் முகத்தில் முதல் முறையாக ஒரு விதி குறைந்தது. தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய ஒற்றைச் சொல் அப்படியே இருந்தது, பெட்டியின் கண்ணாடி வழியாக எல்லோருக்கும் தெரியும்படி. வாசலில் இருபத்து மூன்று பூட்டு. பீரோவில் சாவி தொங்குகிறது. வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த ஃபோனிலிருந்தும் உள்ளே போகலாம், மரப்பெட்டியைத் தொடக்கூட வேண்டாம்.

"அப்ப வெளியாள் இல்ல" என்றார் அவர், சட்டென்று நீதிபதியாகி. பார்வை மருமகள் மேல் போய் நின்றது. "பயம் வந்தா சில பேர் பரீட்சை அன்னிக்கு வயித்துவலின்னு படுத்துப்பாங்க."

"மாமா!"

"நான் யாரையும் சொல்லல. முதல்ல போனது உன் லேப்டாப்."

"விடுங்கப்பா" என்றான் மகன், மிக மென்மையாக. "ரெண்டு நாளா அவ தூங்கவே இல்ல. டென்ஷன்ல என்ன பண்றோம்னே தெரியாது. இந்த வேலை போனா போகுது. அடுத்தது வரும்."

மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண் சுவர்க் கடிகாரத்துக்கு ஓடித் திரும்பியது.

கம்பியக்கா தடைகளை நீக்கினாள். ஐந்து சாதனங்களிலும் ஒரே நேரத்தில் செய்திகள் விழும் சத்தம். ஆனால் பீரோ பாஸ்வேர்டை அவள் மாற்றவில்லை. மறதி இல்லை.

"மாடில வயர் ஒழுங்கா இருக்கான்னு பார்த்துட்டு வரேன். பத்து நிமிஷம்."

10.24. மொட்டை மாடிப் படியில் தடதடவென்று காலடி. மகன். "அக்கா, மறுபடியும் போச்சு! இந்த லைனே சரியில்லக்கா. இன்னிக்கு நடக்காது போல, அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேன் தம்பி. வாங்க."

கூடத்தில் மருமகள் உட்கார்ந்துவிட்டாள். அன்று காலை அந்த வீட்டில் முதலில் உட்கார்ந்தவள் அவள்தான், அதுவும் தரையில்.

10.27. மறுபடியும் கம்பி. உயிரோடு இருந்தவை: பதினோரு பல்பு, ஒரு துணி துவைக்கும் இயந்திரம். தடைப் பட்டியல் இப்போது வேறு வரிசையில் இருந்தது.

மருமகள் கைபேசி.
மருமகள் மடிக்கணினி.
துணை இயக்குநர்.
இல்லத்தரசி.
மகன்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றான் மகன், எட்டிப் பார்த்து. "அப்பாவுக்கு ஃபோன் தவிர ஒரு டேப்லெட்டும் இருக்கு. அது ரெண்டு தடவையும் லிஸ்ட்லயே இல்ல. அதை மட்டும் யாரும் தடுக்கல."

மாமனார் மூச்சை இழுத்தார். "என்னடா சொல்ற?"

"நான் எதுவும் சொல்லலப்பா. லிஸ்ட்ல இல்லன்னு மட்டும்தான் சொல்றேன்."

கம்பியக்கா எழுந்து, அலமாரியில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டின் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் காலி பேட்டரிப் படம் ஒன்று வந்து அணைந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நேத்து மத்தியானத்துல இருந்து" என்றாள் மாமியார். "சார்ஜர் எங்க வச்சார்னு இவர் தேடிக்கிட்டே இருக்கார். அதுக்கு ஒரு விதி எழுத மறந்துட்டார்."

"அதனாலதான் லிஸ்ட்ல இல்ல. செத்துக் கிடக்கறதை யாரும் தடுக்க வேண்டியதில்ல. அதை வச்சு யாரையும் தடுக்கவும் முடியாது." கம்பியக்கா மணியைப் பார்த்தாள். 10.33. "எனக்கு இன்னும் மூணு புகார் இருக்கு, இவங்களுக்கு இருபத்தேழு நிமிஷம் இருக்கு. சுருக்கமா சொல்லிடறேன். இந்த வேலையைப் பண்ணினவர் இந்த வைஃபைல ஒரு ஃபோனோ லேப்டாப்போ வச்சுக்கிட்டுத்தான் பண்ணணும். பண்ணி முடிச்ச பிறகு உயிரோட இருந்தது பல்பும் வாஷிங் மெஷினும்தான். அப்ப அவர் தன்னோடதையும் சேர்த்துத் தடுத்திருக்கார். தன் மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு."

"அந்த அஞ்சுல எதுலேர்ந்து வேணா பண்ணியிருக்கலாமே" என்றார் மாமனார்.

"யோசிங்க சார். மரத்துல ஏறி எல்லாக் கிளையையும் வெட்டறீங்க. உட்கார்ந்திருக்கற கிளையை எப்ப வெட்டுவீங்க?"

மாமனாரின் வாழ்க்கையில் விடை தெரிந்தும் சொல்லாத முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

"கடைசியா" என்றாள் மருமகள் தரையிலிருந்து.

"கடைசியாத்தான் வெட்ட முடியும். தன் ஃபோனைத் தடுத்த அந்த நொடியே அவரும் வெளிய விழுந்துடுவார். அதுக்கப்புறம் இன்னொரு பெயரைச் சேர்க்க முடியாது. முதல் லிஸ்ட்ல கடைசி யாரு? ரெண்டாவதுல யாரு? முதல் பெயர் மாறியிருக்கு. நடுவுல எல்லாம் மாறியிருக்கு. கடைசிப் பெயர் மட்டும் மாறல. நான் ஏன் பாஸ்வேர்டை மாத்தாம மாடிக்குப் போனேன்னு நினைக்கறீங்க? ஒரு தடவைன்னா தற்செயல்னு சொல்லிடலாம்."

கூடத்தில் யாரும் நடக்கவில்லை.

மகன் கைபேசியைப் பையில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். "நானும் அந்த வேலைக்குப் போட்டிருந்தேன்" என்றான், சன்னலைப் பார்த்து. "ரெண்டு சுற்றுலயே அனுப்பிட்டாங்க. போன மாசமே. யார்கிட்டயும் சொல்லல."

"டேய்" என்றாள் மாமியார்.

மருமகள் எழுந்தாள். கோட்டைத் தட்டிவிட்டாள். "அக்கா, என் லேப்டாப்பை மட்டும் உள்ள விட்டுட்டு, பீரோ பாஸ்வேர்டை மாத்துங்க. நானே டைப் பண்றேன்."

மாமனார் தொண்டையைச் செருமினார். "குடும்பத் தலைவர் என்கிற முறையில அதை நான்..."

"மாமா, முகத்தைத் திருப்பிக்கங்க."

துணை இயக்குநர் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடி தயங்கிக் கேட்டார்: "என் ஃபோனுக்கு எப்பம்மா நெட் வரும்?"

"பன்னெண்டரைக்கு மேல" என்றாள் மருமகள்.

10.51. மருமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் ஒரு நாற்காலியை இழுத்து வந்து கதவை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தாள். "இந்தப் பக்கம் எவனும் வரக் கூடாது" என்று பொதுவாகச் சொன்னாள், மகனைப் பார்த்து. மகன் கைபேசியை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் போனான். உட்காரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

புகார்த் தாளில் வாடிக்கையாளர் கையெழுத்து வேண்டும். மாமனார் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"இன்டர்வியூ முடிஞ்சு அவங்க வந்து போடட்டும் சார். நான் இருக்கேன்." மூன்று புகாரையும் தள்ளிவைத்துவிட்டுக் கம்பியக்கா படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. லாரிகள், கிடங்குகள், தாமதங்கள். இணைப்பு எங்கும் அறுபடவில்லை, எங்கும் நிற்கவில்லை. ஒரு முறை யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சுவரோரம் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

12.08. கதவு திறந்தது. மாமியார் நாற்காலியோடு நகர்ந்தாள். "என்னம்மா சொன்னாங்க?"

"நாளைக்குச் சொல்றோம்னாங்க அத்தை. ரெண்டு கேள்வில திணறிட்டேன்."

அவள் படிக்கட்டுக்கு வந்து தாளில் கையெழுத்துப் போட்டாள், அவசரமில்லாமல், முழுப் பெயரையும். பேனாவை மூடினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு சுற்று போயிட்டு வந்திருக்கீங்க" என்றாள். "என்ன கேட்டாங்கன்னாவது சொல்லியிருக்கலாமே."