மூன்றாவது மஞ்சள் சீட்டு

“முதல்ல கையை எடுங்க!”

தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள் போட்ட சத்தத்தில், மூன்றாம் மாடி மொழிபெயர்ப்பு அறையில் தட்டச்சு ஓசை மொத்தமும் நின்றது. அவளுடைய கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். நெடுநெடுவென்று உயரம். தோளில் ஒரு வயர்ச் சுருள். அப்புறம் அந்தக் கண்கள்... சண்டை போட வந்தவளுக்கு அதையெல்லாம் கவனிக்க எங்கிருந்து நேரம் கிடைத்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

ஆக, அந்த மஞ்சள் சீட்டுக்காரன் இவன்தான்!

அது பெரிய மருத்துவமனை. வீடு திரும்பும் நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதும் குறிப்புகளை அவரவர் மொழியில் மாற்றித் தருவது அந்த அறையின் வேலை. தமிழுக்கு அவள் ஒருத்திதான். திரையில் எப்போதும் யாராவது ஒருவருடைய நோய் விவரம் இருக்கும். அதனால் எழுந்து போகும்போது திரையைப் பூட்டியே ஆக வேண்டும். பூட்டாவிட்டால் மஞ்சள் சீட்டு. சேர்ந்த ஆறு மாதத்துக்குள் மூன்று சீட்டு வாங்கினால் வேலை நிரந்தரமாகாது. அவளுக்கு இது ஐந்தாவது மாதம், மூன்றாவது சீட்டு.

“நான் பூட்டிட்டுத்தாங்க போனேன். சூப்பர் கீ, எல் கீ, ரெண்டையும் சேர்த்து அமுக்கினேன். போன ரெண்டு தடவையும் அப்படித்தான்.”

அவன் குனிந்தான். திரையின் மூலையில் பழக்கதோஷத்தில் எதையோ சொடுக்கினான். பிறகு அதே இரண்டு விசைகளை அமுக்கினான். திரை சமர்த்தாக இருண்டு கடவுச்சொல் கேட்டது.

“பூட்டுதே...”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அப்படிச் சொல்லலைங்க. இங்க எல்லா கம்ப்யூட்டர்லயும் லினக்ஸ் போட்டது நான்தான். ஒவ்வொண்ணா சோதிச்சுத்தான் கொடுத்தேன். மெஷின் பொய் சொல்லாது.”

“சரி, உங்க மெஷின் அரிச்சந்திரனாவே இருக்கட்டும். போயிட்டு வாங்க!”

அவன் போய்விட்டான். அவளுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அப்பா லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் புரியாமல், ஒரு வேளை மாத்திரையை மூன்று வேளை போட்டுக்கொண்டு மறுபடியும் போய்ப் படுத்தார். அவர் தேறி வந்த அன்றைக்கே அவள் இந்த வேலைக்கு விண்ணப்பித்தாள். இது அவளுக்கு வெறும் உத்தியோகம் இல்லை. நாளை மாலைக்குள் மூன்று சீட்டும் துறைத் தலைவி மேசைக்குப் போய்விடும்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. எதிர்க் கட்டிடத்திலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தான் அவன். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. துவட்டிக்கொள்ளக்கூடத் தெரியாதா இவனுக்கு?

“இன்னும் எங்கயாவது ஒட்ட இடம் பாக்கி இருக்கா?”

“இல்லைங்க... நேத்து உங்க முகத்தைப் பாத்தேன். அதுவும் பொய் சொல்ற மாதிரி தெரியலை. நீங்க எப்பவும் போல வேலை பாருங்க. எழுந்து போறப்ப என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க. நான் கையை வைக்கவே மாட்டேன்.”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ‘மாத்திரையை மெல்லாமல் விழுங்கவும்’ என்று அடித்தாள். நோயாளிக்குப் புரியுமா என்று வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். இரண்டு விசைகளையும் அமுக்கிவிட்டு விருட்டென்று எழுந்தாள்.

திரை இருளவில்லை. மாத்திரை வரி அப்படியே பளிச்சென்று நின்றது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” அவள் குதிக்காத குறை.

அவன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். மறுபடி செய்யச் சொன்னான். மறுபடியும் பூட்டவில்லை. திரையின் மூலையைப் பார்த்தான். தட்டச்சு மொழி தமிழ் என்று இருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றி அமுக்கினான். பூட்டியது. தமிழுக்கு வந்தான். பூட்டவில்லை.

“தமிழ்ல டைப் பண்றப்ப இந்த கீ எல் இல்லைங்க, ‘த’. நீங்க ஒழுங்காத்தான் அமுக்கியிருக்கீங்க. மெஷின்தான் எல் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கு. கொஞ்ச நேரத்துல அதுவே தானாப் பூட்டிக்கும், அதனால திரும்பி வர்றப்ப உங்களுக்கும் தெரியலை. மத்தவங்க எல்லாம் மலாய் மாதிரி ஆங்கில எழுத்துலயே எழுதுற மொழிக்காரங்க, அவங்களுக்கு இது வரலை. நான் சோதிக்கிறப்பல்லாம் முதல் வேலையா ஆங்கிலத்துக்கு மாத்திடுவேன்...” அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “தப்பு என்னோடது.”

குத்திக்காட்ட நாக்கு நுனிவரை வந்தது அவளுக்கு. அவன் முகம் போன போக்கைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

தமிழ் விசைக்கும் சேர்த்து ஒரு குறுக்குவழி போட்டுப் பூட்டைச் சரிசெய்தான். அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். ‘மென்பொருள் கோளாறு’ என்று எழுதி அவன் தப்பித்திருக்கலாம். பதினோரு வருட வேலையில் தன் தவறு என்று ஒரு வரி எழுதாத மனிதன், அவள் எதிரிலேயே எழுதினான். ‘தமிழில் நான் சோதிக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. மூன்று சீட்டுகளையும் ரத்து செய்ய வேண்டுகிறேன்.’

துறைத் தலைவி இரண்டு முறை படித்தார். கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார்.

“நீ இதை உன் கையால எழுதிப் பாத்துட்டேன். இனி நான் நிம்மதியா ரிட்டயர் ஆகலாம்ப்பா” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் மழைச் சத்தம். இருவரும் ஜன்னலோரமாக நடந்தார்கள். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதும் அவளுக்கு மூளை வேலை செய்தது.

“ஒண்ணு கேக்கணும். நான் எழுந்து போறதே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அதுவும் அஞ்சு நிமிஷம். மூணு தடவையும் அந்த நேரம் பாத்து எப்படி வந்து நின்னீங்க?”

அவன் நின்றுவிட்டான். காது சிவந்தது.

“மத்த மாடிக்கெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான்...”

“இந்த மாடிக்கு?”

“தினமும்... ரெண்டு மூணு தடவை.”

“ஏனாம்?”

“நீங்க எழுதினதை வாய்க்குள்ளயே முணுமுணுன்னு படிச்சுப் பாப்பீங்க இல்ல... அதைக் கேக்கத்தான். நீங்க நிமிர்ந்தே பாக்க மாட்டீங்க. நான் வயரைச் சரி பண்ற மாதிரி பின்னாடி நிப்பேன். வந்த நேரத்துல நீங்க இல்லாம, திரை திறந்து கிடந்தா...”

“பாவம்னு விட்டிருக்கலாமே!”

“உள்ள யாரோ ஒருத்தரோட நோய் விவரம் இருக்குங்க. பிடிச்சவங்கன்னு விட்டுட்டா...”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அவள் கன்னம் சூடானது. தனக்குப் பிடித்தவளுக்கே சீட்டு ஒட்டுகிற முரடன்... ஆனாலும் யாரென்றே தெரியாத நோயாளிக்காக ஒட்டியவன். இவனை நம்பலாம் என்று மனசு அடித்துச் சொன்னது.

“இனி தினமும் வர முடியாதுங்க” என்றான் தரையைப் பார்த்து. “பூட்டுதான் சரியாயிடுச்சே. யாராவது ஏன் வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?”

“என்னைப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க” என்றாள் அவள். “என்கிட்ட கேட்டா, நானும் அதுக்காகத்தான் காத்திருக்கேன்னு சொல்லிடுறேன்.”